காத்திருக்க இயலாத பொதிகள்: ஆளோடு பறக்கும் கூரியர் சேவை

விமானத்தில் ஒரு பொருளை அனுப்ப இரு வழிகள் உள்ளன: சரக்காக ஒப்படைப்பது ஒன்று, பயணி ஒருவரின் உடைமையாக அவருடனேயே அனுப்புவது மற்றொன்று. இரண்டும் பல நேரங்களில் ஒரே விமானத்தின் வயிற்றில் அருகருகே பயணம் செய்து, ஒரே நேரத்தில் தரையிறங்குகின்றன. ஆயினும் சரக்காகச் சென்ற பெட்டி பெறுநரின் கைக்கு வர நான்கைந்து நாள் பிடிக்கும்போது, பயணியோடு சென்ற பெட்டி பெரும்பாலும் தரையிறங்கிய அன்றே சேர்ந்துவிடுகிறது. இந்த இடைவெளியையே மூலதனமாகக் கொண்டு வளர்ந்த தொழில், உலகச் சரக்குப் போக்குவரத்து வட்டாரத்தில் 'ஆன்போர்டு கூரியர்' என்றும், சுருக்கமாக 'ஓபிசி' என்றும் வழங்கப்படுகிறது. அவசரமான ஒரு பொருளை ஓர் ஆள் நேரில் பெற்று, அடுத்து கிளம்பும் பயணிகள் விமானத்தில் தம்முடன் எடுத்துச் சென்று, சேர வேண்டியவரிடம் நேரில் ஒப்படைக்கும் இச்சேவையை இக்கட்டுரை 'உடன்செல் கூரியர்' என்று குறிப்பிடுகிறது. இச்சேவையில் வாடிக்கையாளர் விலை கொடுத்து வாங்குவது விமானத்தின் வேகத்தை அன்று, ஏனெனில் அந்த வேகம் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒன்றே. அவர் வாங்குவது பொருள் எந்த வரிசையிலும் கேட்பாரற்று நிற்காதபடி பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதரின் முழுக் கவனத்தை.

சாதாரண விமானச் சரக்கின் பயணத்தைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தால் காலம் எங்கே கரைகிறது என்பது தெளிவாகும். சரக்கு முகவர் பொருளைத் தம் கிடங்குக்குக் கொண்டுவந்து, எடை பார்த்து, 'ஏர்வே பில்' எனப்படும் விமானச் சரக்குச் சீட்டை எழுதி, பாதுகாப்புச் சோதனைக்கு உட்படுத்தி, விமானம் கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்னதாகவே விமான நிறுவனத்தின் கிடங்கில் சேர்க்கிறார். அங்கே அது பிற சரக்குகளுடன் சேர்த்து, விமான வயிற்றின் வளைவுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்ட உலோகப் பெட்டகத்திலோ வலையிட்டுக் கட்டிய தட்டிலோ அடுக்கப்படுகிறது. பயணிகள் விமானத்தில் பயணிகளின் உடைமைக்கே முதலிடம் என்பதால், எடை மிஞ்சினால் இறக்கிவைக்கப்படுவது சரக்குதான். போய்ச் சேர்ந்த ஊரிலும் பெட்டகத்தைப் பிரிப்பது, பிரித்தவற்றைக் கணக்கில் ஏற்றுவது, சுங்கத்தில் ஆவணம் தாக்கல் செய்வது, தீர்வை செலுத்துவது, வண்டி பிடிப்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனி வரிசை உண்டு. வார விடுமுறை குறுக்கிட்டால் அந்த வரிசைகள் அசைவதே இல்லை. வானில் கழியும் பத்து மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் தரையில் கழிவது நாட்கணக்கு.

பயணியின் உடைமை இந்த ஏற்பாடு முழுவதையும் சுற்றிக் கடந்துவிடுகிறது. பன்னாட்டு விமானங்களில் வழக்கமாகக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்புவரை அதை ஒப்படைக்கலாம். இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் சுழல்பட்டையில் வந்துவிடும். ஆனால் இந்தச் சலுகை உடைமைக்கு உரியதன்று, அதற்கு உரியவருக்கே உரியது. 1985 ஜூன் 23 அன்று, மாண்ட்ரியலிலிருந்து லண்டன் வழியாக டெல்லிக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா 182 அயர்லாந்துக்கு அப்பால் அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் வெடித்துச் சிதறியது. விமானத்திலிருந்த 329 பேரும் மாண்டனர். வான்கூவரில் பெட்டியை ஒப்படைத்த ஒருவர் விமானம் ஏறவே இல்லை என்பதும், அவருடைய பெட்டி மட்டும் பயணத்தைத் தொடர்ந்தது என்பதும் பின்னர் தெரியவந்தன. 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊர் மேல் பான் ஆம் 103 சிதறியதும் துணையின்றி வந்த பெட்டி ஒன்றினால்தான். விமானத்தில் இல்லாத ஒருவரின் உடைமையை, அது தனியே அடையாளம் காணப்பட்டு உரிய சோதனைக்கு உட்படுத்தப்பட்டாலன்றி ஏற்றிச் செல்லக்கூடாது என்ற விதி, பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பாதுகாப்புக்கான 17ஆம் இணைப்பில் இன்று நிலைபெற்றிருக்கிறது. பெட்டிக்கும் ஆளுக்கும் இடையே இவ்வாறு இடப்பட்ட முடிச்சுதான் உடன்செல் கூரியர் தொழிலுக்கும் அடித்தளம்: ஆள் ஏறினால் பெட்டி ஏறும், ஆள் இறங்கினால் பெட்டியும் இறங்கும்.

பொருளைவிட ஆள் முந்திச் செல்வதில் இருக்கும் பயனை வணிகமாக்கியவர்களுள் முதன்மையானவர்கள் ஏட்ரியன் டால்சி, லாரி ஹில்ப்ளாம், ராபர்ட் லின் ஆகிய மூவர். இவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு 1969இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்டதே டிஎச்எல் நிறுவனம். அப்போது சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலூலுவுக்குக் கப்பலில் சரக்கு போய்ச் சேர்ந்த பிறகும், அதற்கான ஆவணங்கள் வந்து சரிபார்க்கப்படும்வரை துறைமுகத்தில் கிடந்தது. கப்பல் கடலில் இருக்கும்போதே சரக்கு ஆவணங்களை ஓர் ஆள் விமானத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால், கப்பல் வருவதற்குள் சுங்க வேலையை முடித்துவிடலாம் என்று அவர்கள் கண்டார்கள். கப்பலின் வேகம் ஒரு மைல்கூடக் கூடவில்லை. துறைமுகத்தில் காத்திருந்த நாட்கள் மட்டும் குறைந்தன. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் இத்தொழிலின் தருக்கம் அந்த ஹொனலூலுப் பயணங்களிலிருந்து அதிகம் விலகிவிடவில்லை என்பது கவனத்துக்குரியது.

1980களில் கூரியர் நிறுவனங்கள், தங்களுடைய உடைமை அனுமதியை விட்டுக்கொடுக்க முன்வந்த சாதாரணப் பயணிகளுக்குக் குறைந்த விலையில் பயணச்சீட்டு அளித்து, அந்த இடத்தில் ஆவணப் பைகளை அனுப்பின. கைப்பையை மட்டும் வைத்துக்கொண்டு உலகம் சுற்றிய இளைஞர்கள் பலர் இவ்வழியில் பறந்தனர். தொலைநகலும் மின்னஞ்சலும் காகிதத்தின் அவசரத்தைக் குறைத்தபோது அந்த முறை தேய்ந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க வான்வெளி மூடப்பட்டு, வங்கிக் காசோலைகளைச் சுமக்கும் விமானங்களும் தரையில் நின்றதால், காசோலையின் படத்தையே சட்டப்படி செல்லத்தக்க மாற்றாக்கும் வழியைத் திறந்த சட்டம் 2003இல் அந்நாட்டில் இயற்றப்பட்டது. காகிதம் இவ்வாறு கம்பிவழிக்கு மாறிய பின், கம்பிவழி அனுப்ப இயலாத பொருள்கள் மட்டுமே ஆளோடு பறப்பதற்கு எஞ்சின.

அவற்றுள் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கு உரியது. டொயோட்டாவில் தைச்சி ஓனோ உருவாக்கி, பின்னர் உலகின் வாகன ஆலைகள் அனைத்தும் ஏதேனும் ஓர் அளவில் ஏற்றுக்கொண்ட முறையில், கிடங்கில் இருப்பு வைப்பதே வீண் எனக் கருதப்படுகிறது. உதிரிபாகம் தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவில் மட்டும் வர வேண்டும். எல்லாம் சரியாக நடக்கும்வரை இம்முறை பெரும் சிக்கனம். ஒரு கண்ணி அறுந்தால் சில மணி நேரத்தில் எல்லாம் நின்றுவிடும். 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் காரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்தபோது, பிரேக்கின் அழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கும் சிறிய வால்வு ஒன்று கிடைக்காமல் டொயோட்டாவின் ஜப்பானிய ஆலைகள் ஏறக்குறைய அனைத்தும் சில நாட்களுக்கு நின்றன. கைக்குள் அடங்கும் ஒரு பாகத்துக்காக ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் காத்து நிற்கும் இந்நிலையில், அந்தப் பாகத்துக்கு ஒரு விமான இருக்கை வாங்குவது ஊதாரித்தனமாகத் தோன்றுவதில்லை. கிடங்கு வாடகையில் மிச்சம் பிடித்த பணத்தின் ஒரு சிறு பங்கு உடன்செல் கூரியருக்குப் போகிறது என்றே இதைக் கணக்கிட வேண்டும்.

சென்னையை அடுத்த ஓரகடத்தில் உள்ள ஒரு வாகன ஆலைக்கு ஜெர்மனியின் தென்பகுதியிலிருந்து சில பெட்டி உணரிகள் உடனே தேவைப்படுவதாகக் கொள்வோம். ஆலையின் கொள்முதல் அதிகாரி சேவை நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையை அழைத்ததும், அங்கிருப்போர் முதலில் கேட்பது மூன்று விவரங்களை: எத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் என்ன எடை, என்ன அளவு. பொதுவாக விமான நிறுவனங்கள் 32 கிலோவுக்கு மேற்பட்ட தனிப் பெட்டியை உடைமையாக ஏற்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றின் கூட்டுத்தொகை 158 சென்டிமீட்டரைத் தாண்டினால் கூடுதல் கட்டணமோ முன் அனுமதியோ தேவைப்படும். ஆகவே பொருளை இந்த அளவுக்குள் பிரித்துக் கட்ட முடியுமா என்பதே முதற் கேள்வியாகிறது. பெட்டிகள் மிகுந்தால் இரண்டு மூன்று கூரியர்களை அனுப்புவர். அதற்கும் அடங்காவிட்டால் தனி விமானம் அமர்த்துவது ஒன்றே வழி. அடுத்து ஆள் தேட வேண்டும். பிராங்பர்ட்டுக்கு அருகில் வசிப்பவர், பையைக் கட்டி வைத்திருப்பவர், இந்தியாவுக்குச் செல்லத்தக்க விசா கடவுச்சீட்டில் உள்ளவர் என்று வடிகட்டும்போது இந்த மூன்றாவது தகுதியில்தான் பலர் கழிந்துவிடுகிறார்கள். ஒருவருடைய கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையது என்பதே இத்தொழிலில் அவருக்கு எவ்வளவு வேலை கிடைக்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது.

கூரியர் விமான நிலையத்துக்குக் கிளம்பும் நேரத்தில் மற்றொரு வண்டி உணரிகளை அனுப்பும் ஜெர்மன் ஆலையிலிருந்து பெட்டிகளை ஏற்றிவர, இருவரும் நிலைய வாயிலில் சந்திப்பர். கூரியர் பெட்டிகளின் எண்ணிக்கையையும் முத்திரைகளையும் விலைப்பட்டியலோடு ஒப்பிட்டு, படம் எடுத்து அனுப்பி, தம் பெயரில் உடைமையாக ஒப்படைக்கிறார். கிளம்பும் நாட்டின் ஏற்றுமதி அறிவிப்பு அதற்குள் தாக்கலாகியிருக்க வேண்டும். அவர் வானில் இருக்கும் பத்து மணி நேரத்தில், சென்னையில் உள்ள சுங்க முகவர் ஆவணங்களை ஆயத்தம் செய்கிறார். இடைநிற்கும் விமானமானால் இணைப்பு தவறும் வாய்ப்பைக் கட்டுப்பாட்டு அறை கண்காணித்து, மாற்று விமானத்தில் முன்கூட்டியே இடம் பார்த்து வைக்கிறது. கடைசி நேரப் பயணச்சீட்டு, மிகை உடைமைக் கட்டணம், கூரியரின் ஊதியம், தங்குமிடம், திரும்பும் பயணம், இரு முனைகளிலும் வண்டி, சுங்க முகவர் கட்டணம் எல்லாம் சேர்ந்து, அதே எடையைச் சரக்காக அனுப்பும் செலவின் பல மடங்காகிறது.

வாகன ஆலைக்கு அடுத்தபடியாக இச்சேவையை நாடுவோர் விமான நிறுவனங்கள். பழுதினால் பறக்க இயலாமல் நிற்கும் விமானத்தை அத்துறையினர் 'ஏஓஜி' என்கின்றனர். 'ஏர்கிராப்ட் ஆன் கிரவுண்ட்' என்பதன் சுருக்கம் அது. விமான பாகத்தோடு அது பறக்கத் தகுந்தது என்று சான்றளிக்கும் படிவமும் கைக்குக் கை மாற வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் பாகம் மட்டும் வந்து சேர்ந்தால் அதைப் பொறியாளர் பொருத்த முடியாது.

ஆனால் இத்தொழிலின் மிகக் கடினமான பகுதி தரையிறங்கிய பிறகு, சுங்க மண்டபத்தில் நிகழ்கிறது. பயணியின் உடைமைக்கு உலகெங்கும் அளிக்கப்படும் தீர்வைச் சலுகை, அவருடைய சொந்தப் பயன்பாட்டுக்கான பொருள்களுக்கே உரியது. வணிகச் சரக்கு பயணியின் கையில் வந்தாலும் வணிகச் சரக்கே. எனவே அறிவிக்க எதுவும் இல்லாத பயணிகளுக்கான பச்சை வழியில் கூரியர் நடக்கக்கூடாது. சிவப்பு வழியில் சென்று, தாம் கொண்டுவந்திருப்பது இன்னாருடைய பொருள், இன்ன விலை, இன்ன வகைப்பாட்டு எண் என்று அறிவிக்க வேண்டும். இந்தியாவில் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, உடைமைக்கு உரியவரே அதன் உள்ளடக்கத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. பதிவு பெற்ற கூரியர் நிறுவனங்கள் வழியாக வருபவற்றுக்கு 1998இலும் 2010இலும் தனி விதிமுறைகள் வகுக்கப்பட்டன. கண்காட்சிக்கோ சோதனைக்கோ வந்து திரும்பும் பொருளாயின், 1961ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி உருவான 'ஏடிஏ கார்னே' என்னும் ஆவணம் உதவுகிறது. பொருள்களுக்கான கடவுச்சீட்டு என்று அதைக் கருதலாம். தீர்வை செலுத்தாமல் தற்காலிகமாகக் கொண்டுவந்து, குறித்த காலத்துக்குள் திருப்பிக் கொண்டுசெல்ல அது இடமளிக்கிறது.

தமிழ் வாசகர் இவ்விடத்தில் 'குருவி' என்ற சொல்லை நினைக்காமல் இருக்க முடியாது. சென்னைக்கும் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு நகரங்களுக்கும் இடையே அடிக்கடி பறந்து, பிறருக்காகப் பொருள்களைத் தம் உடைமையாகச் சுமந்துவருவோருக்குப் பல ஆண்டுகளாக வழங்கிவரும் பெயர் அது. பயணியின் உடைமை உரிமையைப் பிறருடைய பொருளுக்கு வாடகைக்கு விடுவது என்ற அளவில் குருவியும் உடன்செல் கூரியரும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவர்கள். வேறுபாடு அறிவிப்பில் இருக்கிறது. குருவியின் ஆதாயம், பொருள் தம்முடையது என்று அதிகாரி நம்புவதிலிருந்து வருகிறது. கூரியரின் ஆதாயம், பொருள் தம்முடையதன்று என்று அவரே முதலில் சொல்லிவிடுவதிலிருந்து வருகிறது. பொட்டலத்தின் உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல் எடுத்துச் செல்லும் ஒருவர் எந்த நாட்டுச் சட்டத்தின் முன்னும் பெரும் ஆபத்தில் நிற்கிறார் என்பதால், பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமையை நேர்மையான சேவை நிறுவனங்கள் தம் கூரியர்களுக்கு அளிக்கின்றன. அந்த உரிமை மறுக்கப்படும் வேலையைக் கூரியர் ஏற்காமல் இருப்பதே முறை.

அரசுகளின் தூதஞ்சல் ஆட்களோடு இவர்களை ஒப்பிடுவது பொருந்தாது. 1961ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் குறித்த வியன்னா ஒப்பந்தத்தின் 27ஆம் பிரிவின்படி தூதரகப் பையை எவரும் திறக்கவோ தடுத்துவைக்கவோ கூடாது; அதைச் சுமக்கும் தூதரைக் கைது செய்யவும் கூடாது. தனியார் கூரியருக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை. விமானத்தில் பயணி கொண்டுசெல்லக் கூடாத எதையும் அவரும் கொண்டுசெல்லக் கூடாது. லித்தியம் மின்கலங்களுக்குப் பயணிகளிடம் காட்டப்படும் தளர்வு சொந்தப் பயன்பாட்டுக்கே உரியது. வாகனங்களின் காற்றுப்பைகளை ஊதவைக்கும் பாகத்தில் வெடிக்கும் கலவை இருப்பதால், ஆலையே நின்றாலும் அது உடைமையாகப் பறக்க முடியாது. ஆபத்தான பொருள்களுக்கான விதிகளின்படி சரக்காகவே செல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் நட்டம் பணத்தால் அளக்கப்படுவது. அவ்வாறு அளக்க இயலாத ஒரு பொருளும் ஆளோடு பறக்கிறது: இரத்தக் குருத்தணுக்கள். இரத்தப் புற்றுநோய் போன்ற நோய்களால் எலும்பு மஜ்ஜை கெட்டுப்போனவருக்கு, இன்னொருவரின் குருத்தணுக்களைச் செலுத்தி இரத்த உற்பத்தியை மீட்கும் சிகிச்சையை உருவாக்கிய ஈ. டானல் தாமஸ் 1990இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கொடையாளருக்கும் நோயாளிக்கும் 'எச்எல்ஏ' எனப்படும் திசு அடையாளங்கள் பொருந்த வேண்டும்; அவை மரபுவழி வருபவை என்பதால், குடும்பத்துக்கு வெளியே தேடும்போது ஒத்த மரபினரிடையேதான் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பல நாடுகளில் பரவி வாழும் ஒரு மக்களுக்கு இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை: சென்னையில் படுத்திருக்கும் நோயாளிக்குரிய கொடையாளர் டொராண்டோவில் இருக்கலாம், லண்டன் நோயாளிக்குரியவர் மதுரையில் இருக்கலாம். 2009இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'தாத்ரி' போன்ற கொடையாளர் பதிவகங்களும், 1974இல் பிரிட்டனில் தொடங்கிய ஆன்டனி நோலன் பதிவகமும், பிற நாட்டுப் பதிவகங்களும் உலக அளவில் இணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பதிந்திருப்போர் இன்று 4 கோடிக்கும் மேல்.

கொடையாளருக்குச் சில நாட்கள் ஊசி செலுத்தி, மஜ்ஜையிலிருந்து குருத்தணுக்களை இரத்தத்துக்கு வரவழைத்து, இயந்திரத்தின் வழியாகப் பல மணி நேரம் பிரித்தெடுக்கிறார்கள். எடுத்தது ஒரு சிறு பைக்குள் அடங்கிவிடும். அதே நாட்களில், வேறொரு கண்டத்தில், நோயாளிக்குக் கடும் வேதிமருந்தோ கதிர்வீச்சோ கொடுத்து அவருடைய மஜ்ஜையை முற்றாக அழித்துவிடுகிறார்கள். அதன் பிறகு திரும்ப வழி கிடையாது. அவருடைய உடலால் இனி இரத்தம் உண்டாக்க முடியாது, வரவேண்டிய பை வராவிட்டால் அவர் பிழைப்பது அரிது. உறைய வைக்கப்படாத குருத்தணுக்கள், எடுத்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் உடலில் செலுத்தப்பட வேண்டும் என்பது பொது வரையறை.

ஆகவே இக்கூரியருக்கு விதிக்கப்படும் ஒழுங்கு வேறு எந்தப் பொதிக்கும் இல்லாத அளவு கடுமையானது. பை, பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், வெப்பமானி பொருத்திய பெட்டியில் வைக்கப்படுகிறது. கொடையாளர் யார், நோயாளி யார் என்பது கூரியருக்குத் தெரியாது. அவர் அடையாள எண்களை மட்டும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுக் கையொப்பமிடுகிறார். பெட்டியைச் சரக்கறைக்கு அனுப்பக் கூடாது. எக்ஸ்ரே இயந்திரத்தில் விடாமல் கையால் சோதிக்குமாறு பாதுகாப்பு அதிகாரிகளிடம் கடிதத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். மது அருந்தக் கூடாது. பெட்டியைக் கண் பார்வையிலிருந்து விலக்கக் கூடாது. இப்பணியைச் செய்வோருள் ஊதியம் பெறாத தன்னார்வலர்களும் உள்ளனர். கழிப்பறைக்கும் பெட்டியோடு செல்லும் இவர்களைச் சக பயணிகள் வியப்போடு பார்ப்பதுண்டு. அது என்னவென்று சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எயாஃபியாட்லயோகுட்ல் எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி ஏறக்குறைய ஆறு நாட்கள் மூடப்பட்டபோது, மனிதரோடு செல்லும் முறையின் வலிமையும் வரம்பும் ஒருங்கே வெளிப்பட்டன: பெட்டி தானே வழி மாற்றிக்கொள்ளாது, ஆள் மாற்றிக்கொள்வார், தொடர்வண்டியிலும் காரிலும் ஏறுவார், ஆயினும் பெருங்கடலைக் கடக்க அவருக்கும் விமானம் வேண்டும். 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது விமானங்கள் குறைந்தன, இருந்த விமானங்களில் சென்றவர்களும் இறங்கிய நாட்டுக்குள் நுழைய முடியவில்லை. கூரியர் ஒருவர் விமான நிலைய எல்லையிலேயே பெட்டியை உள்நாட்டுக் கூரியரிடம் கொடுத்துவிட்டு அடுத்த விமானத்தில் திரும்பும் ஏற்பாடுகள் அப்போது உருவாயின. பல மையங்கள் குருத்தணுக்களை உறைய வைத்து, அவை பத்திரமாக வந்து சேர்ந்த பிறகே நோயாளியின் மஜ்ஜையை அழிக்கத் தொடங்கின. அதனால் காலக்கெடுவின் நெருக்கடி தளர்ந்தது. ஆனால் உறையவைத்து உருக்கும்போது உயிரணுக்களில் ஒரு பகுதி இழக்கப்படுகிறது. எடுத்து உறையவைத்தபின் நோயாளியின் நிலை மாறிவிட்டால், ஒருவர் தம் உடலிலிருந்து கொடுத்த கொடை பயன்படாமலே போகவும் கூடும். எல்லைகள் மீண்டும் திறந்தபோது, முன்னிருக்கையின் கீழ் குளிர்பெட்டியை வைத்துக்கொண்டு உறங்காமல் அமர்ந்திருக்கும் பயணிகள் மறுபடி இரவு விமானங்களில் பறக்கத் தொடங்கினர்.